கேட்காமல் வந்தது

முதல் நாள் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது.

லாவண்யா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணமங்கலத்தில் ஒரு வீட்டிலிருந்து பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. போட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்கும். கேன்சல் என்பதை அழுத்தினால் போதும், மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டுவிடும். விற்ற அம்மாளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். "கேக்கும். கேன்சல் போட்டுடு. டெய்லி போட்டுடு." அவ்வளவுதான் சொன்னாள். கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் இரண்டு குறிகள். நான்காம் நாள் மூன்று.

கீபோர்டில் ஏதோ ஒரு கட்டை அழுந்தி நிற்கிறது என்று நினைத்து அதைத் தலைகீழாகத் தட்டினாள். ஐந்தாம் நாள் வேறு கீபோர்டு வாங்கி மாட்டினாள். ஆறாம் நாள் கீபோர்டையே பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டாள். கட்டத்துக்குள் ஐந்து குறிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாரோ நாளுக்கு ஒரு எழுத்தாக, அவசரமில்லாமல், யோசித்து யோசித்துப் போட்டுப் பார்ப்பதுபோல.

அந்த அறை அவளுக்கு உயிர். தேவிகாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் ஏழு பேருக்கு ஒரே கூடம். துணி மாற்றுவதென்றால்கூட நாலு பேரை வெளியே போகச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த பிறகுதான் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் ஒரு கதவு அவளுக்கு வாய்த்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, புடவைக் கரைக்கு மயிலும் மாங்காயும் கட்டம் கட்டமாக வரைவாள், முன்பு தாளில், இப்போது கம்ப்யூட்டரில். அவள் வரைவதை அவள் கணவன் குமரேசன் அட்டையில் துளை போட்டு, சேவூர்த் தறிகளுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவான். தெருவில் ஏழெட்டு வீட்டுத் தறிகளின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அவளுக்குத் துணை.

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. பகல் இரண்டு மணிக்கே அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. எட்டாம் நாள் ஏழு குறிகளைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. நம் வீட்டில், நம் அறையில், தினமும் வந்து கேட்க இது யார்? பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் டேனிக்குப் போன் போட்டாள்.

"அதுவாக்கா? ரொம்ப ஈசிக்கா," என்றான் டேனி. "பேப்பர்ல எழுதிகினு வாங்க. கன்ட்ரோல் பேனல் போங்க. நெட்வொர்க்னு இருக்குதா? அதுல விண்டோஸ் லாகான்னு மாத்திடுங்க. அப்பால, பி டபிள்யூ எல்னு முடியற ஃபைல தேடிப் பாருங்க. ஒண்ணு இருக்கும். டெலிட் பண்ணிடுங்க."

"இன்னா பேருல இருக்கும்?"

"யாரு மொத மொத பாஸ்வேர்ட் வெச்சாங்களோ அவங்க பேருல."

தேடினாள். ஒரு ஃபைல் வந்தது. அதற்குப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அழித்தாள்.

"இப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்கக்கா. கடைசியா ஒரு தபா கேக்கும். கேன்சல் போடாதீங்க. ஒண்ணும் டைப் பண்ணாம ஓகே குடுங்க. அவ்ளோதான். ஜென்மத்துக்கும் கேக்காது."

போனை வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். பெட்டி எழும்பியது. ஏழு குறிகளும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது. உள்ளே கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. அவள் கை மவுஸின் மேல் இருந்தது. ஏனென்று தெரியாமல் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே தறிச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழெட்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் கையை நிறுத்திவிட்டு எதையோ உற்றுக் கேட்பதுபோல.

கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தாள். கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு, கம்ப்யூட்டர்தான் ஓடுகிறதே என்று நினைப்பதற்குள் ஓகே கொடுத்துவிட்டாள்.

திரை திறந்தது. தெருவில் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அவள் முதுகுக்குப் பின்னால், பூட்டியிருந்த பீரோவின் கைப்பிடி மெல்லத் திரும்பி, கதவு ஓசையில்லாமல் விரிந்தது.

அன்று மாலை குமரேசன் எதிரே வந்து நின்றபோது திடுக்கிட்டுவிட்டாள். எப்போதும் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவன்.

"எப்படி உள்ள வந்தீங்க? தாப்பா போட்டிருந்தேனே."

"கதவு தெறந்துதானே கெடந்துச்சு," என்றான் அவன், தலையைத் துவட்டிக்கொண்டே. "இன்னா வாசனை இது? கோணிச் சாக்கு ஊறின மாதிரி?"

அவளுக்கும் அந்த வாடை வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. நகர்ந்து பார்த்தால் அதுவும் கூடவே நகர்ந்தது.

மறுநாள் காலையில் அடுப்பங்கரைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பருப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, ஊறுகாய் ஜாடி, தூக்குப்பாத்திரம் எல்லாம் திறந்திருந்தன. மூடிகள் அந்தந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக மல்லாத்தி வைக்கப்பட்டிருந்தன. கொடியில் மாட்டியிருந்த ரவிக்கையின் கொக்கிகள் ஒன்று விடாமல் கழன்றிருந்தன. ஊசிப்பெட்டியில் இருந்த ஊக்குகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எதுவும் திருட்டுப் போகவில்லை. எதுவும் கலைக்கப்படவில்லை. மூடியிருந்தது எதுவும் மூடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

குமரேசனை எழுப்ப ஓடினாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான், லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டு. கண்கள் இரண்டும் திறந்திருந்தன. அவள் தோளைப் பிடித்து உலுக்கியதும்தான் அந்தக் கண்களுக்குள் அவன் வந்து சேர்ந்தான்.

"எரியுது," என்றான் கண்ணைத் தேய்த்தபடி. "ராத்திரியெல்லாம் யாரோ என்னைப் பாத்துகினே இருந்தாப்பல இருந்துச்சு."

அவன் வேலைக்குக் கிளம்பவில்லை. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். டப்பாக்களின் மூடிகளை அவளே அழுத்தி அழுத்தி மூடினாள். கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மூலையில் போட்டாள். இருவரும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும். குமரேசன் சிரித்துவிட்டு, "சும்மா பேஜார் பண்ணிக்கிறோம்," என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பக் கதவைப் பார்த்தாள். கயிறு அவிழ்ந்து தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. கதவு அகலத் திறந்திருந்தது.

அதன்பின் அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை, கண்ணமங்கலம் போக வேலூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ்ஸில் அவள் உட்கார்ந்த இடத்தை ஒட்டிய ஜன்னல் ஷட்டர் தானாக ஏறியது. பக்கத்திலிருந்தவர் இழுத்துவிட்டார். மறுபடி ஏறியது. மழை அடித்தது. "வீணாப்போன பஸ்ஸு," என்று அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். எதிர் சீட்டில் ஒரு பெண்ணின் மடியிலிருந்த பர்ஸ் வாயைத் திறந்துகொண்டது. லாவண்யா கண்ணமங்கலம் வரும்வரை தலையை நிமிர்த்தவில்லை. ஊறின கோணியின் வாடை அவள் கழுத்தோரம் இருந்தது.

அந்த வீட்டில் கதவும் ஜன்னலும் அடைத்துக் கிடந்தன. தட்டினாள். உள்ளே ஏதோ உரசும் சத்தம்.

"யாரு?" கதவுக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாளின் குரல். கம்ப்யூட்டரை விற்ற அம்மாள்.

"நான் ஆரணிங்க. உங்ககிட்ட கம்ப்யூட்டர் வாங்கினேனே. அது பாஸ்வேர்ட் கேட்டுகினே இருந்துச்சு. நான்..."

"எடுத்துட்டியா?"

லாவண்யா கதவை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"எடுத்துட்டியாடி?"

"ஆமாங்க. தெரியாமதாங்க..."

அந்த அம்மாள் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகத் துப்பினாள். "உள்ள வரட்டுமானு தெனம் கேட்டுகினு இருந்துச்சு. வேணாம்னு தெனம் சொல்லிகினு இருந்தோம். அம்பத்தொரு நாள் சொன்னோம். எங்களால முடிஞ்சது அவ்ளோதான். உனுக்கு எட்டு நாள் சொல்ல முடியல."

"நீங்க சொல்லியிருக்கலாமேங்க!"

"சொன்னா வாங்கியிருப்பியா?"

"திருப்பி பாஸ்வேர்ட் வெச்சுட்டா..."

"கேக்கறதுக்கு அது இன்னும் வெளியவா நின்னுகினு இருக்குது?" பச்சையம்மாள் சிரித்ததுபோல இருந்தது. "நீ எங்க போனாலும் உங்கூடத்தான் வரும். இங்க ஏன் வந்த? அத ஏன் இங்க கூட்டிகினு வந்த?"

அப்போது கதவின் உள்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று, அங்குலம் அங்குலமாக, நகர்கிற சத்தம். லாவண்யா கதவைத் தொடவில்லை. உள்ளே அந்த அம்மாளும் தொடவில்லை என்பது அவள் போட்ட கூச்சலில் தெரிந்தது.

"போடி! ஜல்தி போடி! பாவி, போடி இங்கேருந்து!"

லாவண்யா ஓடினாள். பின்னால் இரண்டாவது தாழ்ப்பாளும் நகர்ந்தது. மூன்றாவதும். அந்த வீட்டில் எத்தனை தாழ்ப்பாள்கள் இருந்தனவோ தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வரும்வரை அவை அவள் காதுக்குள் திறந்துகொண்டே இருந்தன.

ஆரணிக்கு வந்து இறங்கியபோது மணி மூன்று. மழை நின்றிருந்தது. வெயில் இல்லை, நிழலும் இல்லை. தெரு முனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தறிச் சத்தம் இல்லை. ஒரு வீட்டிலும் இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. பீரோ. டிரங்குப் பெட்டி. சாமி படத்தின் கண்ணாடிச் சட்டம். தண்ணீர்க் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வாடை இப்போது எல்லா இடத்திலும் இருந்தது.

"ஏங்க?"

குமரேசன் அவள் அறையில் இருந்தான். அட்டைக் கட்டுகளுக்கு நடுவே, தரையில், சுவரில் சாய்ந்து. சட்டைப் பித்தான்கள் அவிழ்ந்திருந்தன. கண் இமைகள் மேலேறி, கண்கள் முழு வட்டமாகத் தெரிந்தன. வறண்டிருந்தன. இமைக்கவில்லை.

வாய் திறந்திருந்தது.

கொட்டாவிக்குத் திறக்கிற அளவு இல்லை. அதற்கும் மேலே. தாடை நெஞ்சைத் தொடும் அளவுக்கு. உயிர் இருந்தது, மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே வரவில்லை. உள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க... என்னங்க, இங்க பாருங்க..."

மண்டியிட்டாள். இரண்டு கையாலும் அவன் தாடையைத் தாங்கி மேலே தூக்கினாள். அசையவில்லை. முழு பலத்தையும் போட்டாள். கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம். உதடுகள் சேர்ந்தன. சேர்த்த இடத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். விடமாட்டேன். சாயந்திரம்வரை. விடியும்வரை. இப்படியே பிடித்திருப்பேன். அவனுடைய வறண்ட கண்களில் கண்ணீர் ஊறியது. அவன் உள்ளேதான் இருந்தான். அவளைப் பார்த்தான்.

அவளைத் தாண்டிப் பார்த்தான்.

வெளியே, பக்கத்து வீட்டில், ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. எதிர் வீட்டில். தெரு நெடுக. யாரும் கூச்சல் போடவில்லை.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சுண்டுவிரல் முதலில் விலகியது. அவள் விலக்கவில்லை. மோதிர விரல். யாரோ அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, பிரித்து வைப்பதுபோல. நடுவிரல். கத்துவதற்கு அவள் வாய் திறந்தது.

திறந்தது. திறந்துகொண்டே போனது.