அறுபத்து மூன்றாவது அடி

துவைக்க எடுத்த சேலையை உதறியபோது அதன் முடிச்சிலிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்து, சிமெண்டுத் தரையில் துள்ளி, ஞானபாக்கியத்தின் கால் கட்டைவிரலில் இடித்து நின்றது. குனிந்து எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு கொட்டைகூட மிச்சம் இருக்கக் கூடாது.

ராஜபாளையத்தில் பஞ்சு மில்லுக்குப் பின்னால் இருக்கும் மாதா கோயிலில் அவள் புருஷன் தவசிமுத்துதான் கோயில்பிள்ளை. பெருக்குவது, விளக்கேற்றுவது, மணியடிப்பது எல்லாம் அவர் பாடு. மணி பேசும் பேச்சு தெருவுக்கே அத்துப்படி. டிண்டாண் டிண்டாண் என்று இரட்டையாகக் குதித்தால் திருவிழா. கணகணகணவென்று மூச்சுவிடாமல் அலறினால் எங்கோ குடோனில் தீ. டாண் என்று ஒற்றையாக விழுந்து, அதன் ரீங்காரம் அடங்கிய பிறகே அடுத்த டாண் விழுந்தால் சாவு. செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. சாமி வேறானாலும் எல்லா வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து, விரல்விட்டு எண்ணி, இன்னார்தான் என்று தெரிந்துகொள்வார்கள். ஒரே நாளில் இரண்டு சாவு என்றால், முதல் ஆளுக்கு அடித்து முடித்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் விட்டு, அடுத்த ஆளுக்குத் தொடங்க வேண்டும். எண்ணிக்கை பிசகாமலிருக்க, வயதுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளை மடியில் முடிந்துகொண்டு, அடிக்கு ஒன்றாகச் சிரட்டையில் போடுவது தவசிமுத்துவின் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை அவர் காய்ச்சலில் கிடந்தார். செத்துப்போன சவரிமுத்துவுக்கு வயது அறுபத்து மூன்று. கயிற்றைப் பிடித்தது ஞானபாக்கியம்.

“முழுசா அடிச்சியாட்டி?” என்று அன்றைக்கே கேட்டார். “ஒண்ணு குறைஞ்சாலும் மணி சும்மா இருக்காது, பாத்துக்கோ.”

“அடிச்சிட்டேன்ங்க,” என்றாள். தோள் கடுத்தது, வீட்டில் பேத்தி அழுதது, மடியைத் தடவிப் பார்க்காமலே ஓடி வந்திருந்தாள். சொன்ன பொய் அவளுக்கே தெரியாத பொய்யாக இருந்தது. இன்று, வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அது கையில் கொட்டையாகக் கிடந்தது.

வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றது. வீடெங்கும் கஷாய வாடை. கட்டிலில் தவசிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் புஷ்பம் மில் ஷிப்டுக்குப் போயிருந்தாள். அவள் பிள்ளை அமலிக்குப் போன வாரம்தான் ஒரு வயது நிறைந்தது, பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் கொலுசு கிணிகிணி என்று அடுக்களைக்கும் வாசலுக்கும் அலைந்தது. கிணிகிணி கேட்கிறவரை பிள்ளையைத் தேட வேண்டியதில்லை. சத்தம் நின்றால், எதையோ எடுத்து வாயில் வைக்கிறது என்று அர்த்தம்.

டாண்.

கையிலிருந்த கொட்டை நழுவியது. அது எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.

ஒன்று. அவள் கண் தன்னையறியாமல் பிள்ளையிடம் போனது.

டாண். இரண்டு. அப்பாடா என்றிருந்தது.

“யாருட்டி அடிக்கது?” என்றார் தவசிமுத்து, திரும்பாமலே.

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. கோயில் சாமியார் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார். மணிக்கூண்டுச் சாவி, அவள் கண்ணெதிரே, ஆணியில் தொங்கியது.

பதினெட்டு. பத்தொன்பது. புஷ்பத்துக்கு இருபத்திரண்டு. ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே பின்னலைத் தூக்கிச் செருகாமல் நடக்கிற பெண். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. ரீங்காரம் நீண்டது, நீண்டுகொண்டே இருந்தது. மாதாவே, இன்னொன்று, இன்னொன்று.

டாண்.

“பிள்ளையப் பாத்துக்கிடுங்க, செத்த நேரத்துல வாரேன்,” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

கோயில் முற்றத்து மணல் காலைச் சுட்டது. பூட்டு துருவேறி முரண்டு பிடித்தது. ஐம்பது. சாவி நழுவியது. ஐம்பத்தொன்று. தவசிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று விழுந்ததும் அழுதேவிட்டாள், பூட்டும் திறந்துகொண்டது.

உள்ளே இருட்டு, வௌவால் புழுக்கை நாற்றம். கயிறு, அவள் செவ்வாய்க்கிழமை கட்டிய முடிச்சோடு, கொக்கியில் ஆடாமல் அசையாமல் கிடந்தது. மேலே மணி அடித்துக்கொண்டிருந்தது.

அறுபது.

அறுபத்தொன்று.

அறுபத்திரண்டு.

நின்றது.

காத்திருந்தாள். வரவில்லை. மேலே ஏதோ ஒன்று குனிந்து அவளையே பார்ப்பது போலிருந்தது. புரிந்துவிட்டது. தான் விட்ட இடத்தில் மணி நிற்கிறது. பாக்கி ஒன்றைத் தன் கையாலேயே கேட்கிறது.

முடிச்சு இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் இழுத்தாள். பயத்தில் வாய் தானாகவே முணுமுணுத்தது: பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே... முடிச்சு நெகிழ்ந்தது. இன்னும் இழுத்தாள். தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்... கயிறு கையில் வந்தது. ஆமென். உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள்.

டாண்.

அவ்வளவுதான். மணி அடங்கியது. உடம்பெல்லாம் லேசானது. அப்படியே மண்டிபோட்டுக் கும்பிட்டுவிட்டு, பூட்டைப் பூட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் தன் வாசலில் நின்றாள். எண்ணிய விரல் இன்னும் மடங்கியே இருந்தது.

“ரெண்டு சாவாக்கா?”

“ஒண்ணுதான். சவரிமுத்தண்ணனுக்கு விட்டுப்போனது.”

“இல்லக்கா. அறுபத்திரெண்டு அடிச்சு நின்னுச்சு. அம்புட்டு நேரம் விட்டுல்லா பொறவு ஒரு அடி விழுந்துச்சு.” கருத்தம்மாள் அந்த ஒற்றை விரலைப் பார்த்தாள். “ஒரு வயசுப் பிள்ள யாருக்கா?”

ஞானபாக்கியம் தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மில் இரைச்சல் கேட்டது. காக்கை கத்தியது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஓடினாள். வாசல். பாய். பாயில் யாருமில்லை.

“பிள்ள தூங்கிட்டு போல,” என்றார் தவசிமுத்து, சுவரைப் பார்த்தபடியே. “அப்பமே சத்தத்தக் காணும்.”

தரையெல்லாம் தடவினாள். புளியங்கொட்டை இல்லை.

கட்டிலுக்கடியில் இரண்டு சின்ன உள்ளங்கால்கள் தெரிந்தன. நீலம் பூத்த உள்ளங்கால்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.

கிணி என்றது கொலுசு. ஒரே ஒரு தடவை.