எச்சில் பக்கங்கள்

நோட்டின் மூலை ஈரமாக இருந்தது.

மத்தியானம் வாங்கும்போது கறை மட்டும்தான் இருந்தது, ஈரம் இல்லை. மங்கை விரலை முகர்ந்து பார்த்தாள். புளித்த பால், பழைய பாக்கு, அதற்கடியில் யாரோ தூங்கி எழுந்த வாய். எழுந்து போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கல்லூரி வாசலில் வகுப்புத் தோழன் டென்சில்தான் கொடுத்தான்.

"யாரோடதுடா இது?"

"யாருக்குத் தெரியும்? பேட்ச் பேட்சா கைமாறி வருது. போன தடவை மேத்ஸ்ல நான் தேறினதே இதுலதான். காலைல எக்ஸாம் ஹால் வாசல்ல திருப்பிக் குடுத்துடு, அடுத்த ஆளு காத்திருக்கான்."

"மூலையெல்லாம் கறையா இருக்கே."

"எச்சி தொட்டுப் புரட்டியிருப்பாங்க. உங்க வீட்டு ஆச்சாரத்துக்கு நீ கிளவுஸ் போட்டுக்கம்மா."

நாளை மேத்ஸ் மறுதேர்வு. இதிலும் போனால் இயர் பேக். கூடப் படிக்கிறவர்கள் மூன்றாம் வருடத்துக்குப் போவார்கள், அவள் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். அதனால் இந்த முறை எதையும் சிதறவிடவில்லை. போனில் எல்லாம் காசில்லாத ஆப்கள். காலண்டரில் பாடத்துக்கு ஒரு நிறம், டிரைவில் யூனிட்டுக்கு ஒரு ஃபோல்டர், தாளைப் படமெடுத்து நேராக்கித் தரும் ஸ்கேனர். ஸ்கேன் செய்துவிட்டால் நோட்டைத் தொடவே வேண்டாம்.

டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற வீடு அது. ஸ்கேல் நுனியால் பக்கத்தைத் தள்ளினாள். மறு கையில் போனை உயர்த்திப் பிடித்தாள். ஆப் தானே படமெடுத்தது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒக்கலிபுரம் பாதையில் ரயில் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன, ஓதம் ஏறிய சுவரிலிருந்து சுண்ணாம்பு வாசனை கிளம்பியது, சமையலறையில் அம்மா தாளித்த கடுகு வெடித்து ஓய்ந்தது, அந்த ஓய்வில், மேஜைக்கு மிக அருகில், நாக்கு அண்ணத்தைவிட்டுப் பிரியும் சின்ன ஓசை கேட்டது.

திரையைப் பார்த்தாள். பக்கத்தின் மூலையில் ஒரு விரல் நுனி. தடித்த மஞ்சள் நகம். வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் வெளுத்துச் சுருங்கிய தோல்.

விரலை நீக்கவா, என்று ஆப் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அந்த இடம் வெள்ளையானது.

அடுத்த பக்கத்தில் விரல் கணுவரை வந்திருந்தது. நுனியிலிருந்து தாளுக்கு ஒரு எச்சில் இழை. நீக்கினாள். விரல் போயிற்று. இழை போகவில்லை.

நான்காம் யூனிட்டை முடித்துவிட்டு டென்சிலை அழைத்தாள்.

"டேய், ஸ்கேன்ல ஒரு விரல் வருது. என்னோடது இல்ல."



"எனக்கும் வந்துச்சு. விடு, பழகிடும். எது வரைக்கும் முடிச்சே?"

"யூனிட் அஞ்சுதான் பாக்கி. எல்லாம் ஒட்டிட்டு இருக்கு."

"இழுக்காதே மங்கை. கிழிஞ்சிடும். கேள்வி பாதி அதுலேர்ந்துதான் வரும்."

"அப்புறம் எப்படிப் பிரிக்கிறது?"

"நீ பிரிக்க வேணாம். அதுக்கு ஈரம் மட்டும் குடு."

வைத்துவிட்டான்.

ஸ்கேல் உள்ளே போகவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மூலையில் ஒற்றினாள். இலையில் பட்டதுபோல் துளி உருண்டு ஓடியது.

"மங்கை, காபி ஆறிண்டிருக்குடி."

"வரேம்மா."

குரல் வறண்டிருந்தது. போனை உயர்த்தினாள்.

திரையில் விரல் இருந்தது. மேஜையில் இல்லை. மூலையைத் தேய்த்தது. காய்ந்த தோல். தாள் எழவில்லை. மறுபடி தேய்த்தது.

பிறகு பக்கத்தைவிட்டு எழுந்தது. திரையின் விளிம்பைத் தாண்டியது. அவள் இருந்த திசையில்.

அறையைப் பார்த்தாள். நாற்காலி. கொடியில் துண்டு. ஒன்றுமில்லை.

கீழுதட்டில் குளிர்ச்சி.

சுருங்கிய தோல். நகத்தின் விளிம்பு. புளித்த பால். பாக்கு.

அழுத்தவில்லை. உதட்டின் மேல் வெறுமனே கிடந்தது. காத்திருந்தது.

உதடுகளை இறுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. திரையில் ஐந்தாம் ஃபோல்டர் காலியாக இருந்தது. ஒரு வருடம்.

வாயைத் திறந்தாள்.

அது அவசரப்படவில்லை. நாக்கின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகத் துடைத்துக்கொண்டு போயிற்று. தாளின் பொடி நாக்கில் தங்கியது.

பக்கம் பிரிந்தது. ஆப் படமெடுத்தது.

விரல் திரும்பி வந்தபோது அவள் வாய் திறந்தே இருந்தது.