பாதி வாக்கியங்களின் வகுப்பு

நான்கு மணிக்கு மாணவர்கள் வந்ததும் முதல் வேலை, காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் செவிமணியைக் கழற்றி, வாசலில் பஞ்சு விரித்து வைத்திருக்கும் தட்டில் போடுவது. கழற்றியதும் எல்லாரும் ஒரே மாதிரி முகம் சுளிப்பார்கள். தெருவில் போகும் லாரியின் உறுமல், மின்விசிறியின் கடகடப்பு, பக்கத்து அறையில் யாரோ தும்முவது எல்லாம் ஒரேயடியாகக் காதுக்குள் வந்து விழும். கொஞ்சம் பழகட்டும் என்று விட்டுவிட்டு, “குட் ஆஃப்டர்நூன்” என்பேன். அது தமிழாக மாறாமல் அப்படியே கேட்பதில் அவர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். எத்தனை மாதம் ஆனாலும் அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை.

பதினாறு வயது ஆகாதவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் செவிமணியைக் கழற்றியே ஆக வேண்டும். வளரும் எலும்புக்கு ஓய்வு தேவை என்பது சுகாதாரத் துறையின் விதி. அதற்குக் காது ஓய்வு என்று பெயர். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் தூங்கிவிடுவார்கள். பதினாறு முடிந்ததும் செவிமணியை எலும்போடு பதித்துவிடுவார்கள். அதன்பிறகு கழற்றவும் முடியாது, அணைக்கவும் முடியாது. யார் எந்த மொழியில் பேசினாலும், பேசுகிறவரின் குரலிலேயே நம்முடைய மொழியில் கேட்கும். ஆகவே வேறு மொழி எதையும் அநேகமாக யாரும் படிப்பதில்லை.

என் காதில் மட்டும் செவிமணி கிடையாது. ஏழு வயதில் நடந்த ஓர் அறுவை சிகிச்சையில் காதுக்குப் பின்னால் இருந்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குத் தானாகக் கிடைத்ததை நான் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. அந்தப் படிப்பே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. தூத்துக்குடியில் சேர்மக்கனி அண்ணாச்சி நடத்தும் மொழிப்பள்ளியில் ஒரே ஆங்கில ஆசிரியை நான்தான். ‘இளையோருக்கான உயர்நிலை ஆங்கிலம், வயது 13 முதல் 15 வரை’ என்று வாசலில் ஒரு பலகை தொங்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அண்ணாச்சி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: “இசக்கி, ஆரம்ப வகுப்புன்னா ஒரு ஆசைக்குப் படிக்கிறாங்கன்னு வச்சிக்கலாம். உயர்நிலை என்னத்துக்கும்மா?” “நாலு பேர் வர்றாங்களே அண்ணாச்சி” என்று சொல்லிச் சமாளிப்பேன்.

ஐந்தாவதாக வந்தவள் பெனிட்டா. பதினாலு வயது. பருவம் தொடங்கி மூன்று வாரம் ஆன பிறகு தனியாக வந்து நின்றாள்.

“நேரா உயர்நிலையில சேரணும் மிஸ்.”

“அடிப்படை யார் சொல்லிக் கொடுத்தா?”

“அப்பா கப்பல் எஞ்சினியர். அவரோட பழைய புத்தகத்தை வச்சு நானே படிச்சேன்.”

எஞ்சின் அறை இரைச்சலில் செவிமணி குழம்பிவிடும் என்பதால் கப்பல்காரர்களுக்கு மட்டும் இன்னும் ஆங்கிலம் கட்டாயம். சோதித்துப் பார்த்தேன். இலக்கணத்தில் தப்பே இல்லை. சேர்த்துக்கொண்டேன். போகிறவள் திரும்பி வந்தாள்.

“மிஸ், பாதி வாக்கியம் எந்தப் பாடத்துல வரும்?”

“பாதி வாக்கியமா?”

“ஒருத்தர் சொல்ல வந்து சொல்லாம விட்டுடுறது. நடுவுல ஒரு வார்த்தை மட்டும் கிடைக்கிறது. அதைப் புரிஞ்சுக்கிற பாடம்.”

அப்படி ஒரு பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். “அப்ப நீங்களே நடத்துங்க மிஸ்” என்றாள். கெஞ்சலாக இல்லை, கணக்கில் ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி சொல்வது போலச் சொன்னாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். நான் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் ஏதோ சொல்வேன். நடுவில் நிறுத்துவேன். என்ன சொல்ல வந்தேன் என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற நான்கு பேரும் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடிப்பார்கள். பெரும்பாலும் தப்பாக முடிப்பார்கள். பெனிட்டா முடிக்கவே மாட்டாள். என் கண்ணையும் கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “எதையாவது சொல்லேன்” என்றால், “நீங்க இன்னும் முடிக்கலையே மிஸ்” என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்தும் அவள் தட்டிலிருந்து செவிமணியை எடுக்கவில்லை. பிறகு சொன்னாள்.

அவள் அப்பா அருளப்பன் கர்டோசாவுக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்திருந்தது. பிழைத்துவிட்டார். பிறர் பேசுவது புரிகிறது, ஆட்களைத் தெரிகிறது. ஆனால் வாயெடுத்தால் தமிழ் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் கப்பலில் பேசிய ஆங்கிலத்திலிருந்துதான் வார்த்தைகள் வந்தன. அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. செவிமணியில் எல்லாம் நல்ல தமிழாகத்தான் கேட்டது.

“ஒருநாள் காது ஓய்வு நேரத்துல அவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன் மிஸ். அப்பதான் நிஜமா கேட்டேன். செவிமணியில கேட்டா அவர் விடாம பேசுற மாதிரி இருக்கும். கழற்றிட்டுக் கேட்டா ரெண்டு வார்த்தை, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. அந்த இடத்தையெல்லாம் யார் மிஸ் நிரப்புறா?”

எனக்குப் பதில் தெரியும். அதற்கு நிறைவாக்கம் என்று பெயர். இரைச்சலில் விட்டுப்போன சொற்களைச் செவிமணி ஊகித்து நிரப்பும். கடைத்தெருவிலும் ரயில் நிலையத்திலும் அது பெரிய உதவி. ஒரு மனிதருக்குள்ளேயே சொற்கள் விட்டுப்போயிருந்தால் என்ன ஆகும் என்று அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை போலும்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வகுப்பு இல்லை. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா ஜெசிந்தா வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். “உட்காருங்க மிஸ். இவர் நல்லா இருக்கார். ஆஸ்பத்திரியிலகூட பேச்சுல குறையே இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நிமிஷத்துக்கு ஒருதரம் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். தெருவுல கேளுங்க, எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்.”

அருளப்பன் மேற்கு ஜன்னலுக்கு எதிரே சாய்வு நாற்காலியில் இருந்தார். வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. மனைவியைப் பார்த்து அவர் பேசியதை நான் கேட்டேன்.

“மேடம்… ப்ளீஸ்… தி… தி… லைட்… ஐ… நோ…”

“இதோ போடுறேங்க” என்று ஜெசிந்தா எழுந்தார். என்னிடம், “டீ வேணுமாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பெனிட்டா காதில் செவிமணி இல்லை. அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாலை வெயில் நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து திரையை இழுத்துவிட்டேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முடங்காத கையைத் தூக்கினார். “யெஸ்,” என்றார், “யெஸ், யெஸ், யெஸ்.” கண்ணீர் வழிந்து கழுத்துவரை போனது. எட்டு மாதமாக, மாலையில் கண் கூசும்போதெல்லாம் அவருக்கு டீதான் கிடைத்திருக்கிறது.

திரும்பும்போது பெனிட்டா தெருமுனை வரை கூட வந்தாள்.

“கேட்டீங்கள்ல? அம்மாவ மேடம்னு கூப்பிடுறார். அம்மா யாருன்னு நல்லாத் தெரியும். பேர் மட்டும் வரமாட்டேங்குது.”

மனைவியை எந்தக் கணவனும் மேடம் என்று அழைக்க மாட்டான் என்று கணக்குப் போட்டு, செவிமணி அந்த இடத்தில் பெயரை வைத்திருக்கிறது. அவரை யாரும் திருத்தவில்லை. பேசவும் பழக்கவில்லை. எல்லாருக்கும் அவர் சரியாகத்தான் கேட்டார், அவரைப் பார்த்த மருத்துவருக்கும்கூட.

“அம்மாட்ட சொல்லணும், பெனிட்டா.”

“சொல்லலாம் மிஸ். ஆனா வெறுங்கையோட எப்படிச் சொல்றது? இத்தன நாள் அப்பா உங்க பேரையே சொல்லலம்மான்னா? முதல்ல அந்தப் பேர் வரட்டும்.”

நான் மறுத்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இப்போது யாரும் இல்லை. அந்தத் தொழிலே போய்விட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றும் தெரியாதவருக்கு முதல் சொல்லைக் கொடுப்பது. செவ்வாயும் வியாழனும் மாலை இரண்டு மணி நேரம் போனேன். வகுப்பு இல்லாத மற்ற நாட்களில் பெனிட்டா தனியாக உட்கார்ந்தாள். அம்மாவிடம் ஆங்கிலப் பாடம் என்று சொல்லி, அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மட்டும் பயிற்சி கொடுத்தோம். முதல் மூன்று வாரம் ‘ஜெ’ மட்டும். முழங்காலில் தாளம் போல மெல்லத் தட்டி, ஒலியைச் சொல்லி, காத்திருக்க வேண்டும். சில நாள் வந்தது, மறுநாள் சுத்தமாகத் தொலைந்தது. ஒருமுறை டம்ளரைத் தூக்கி எறிந்தார். ஒருமுறை குழந்தை மாதிரி அழுதார். அவர் தடுமாறும்போது சொல்லை முடித்துக் கொடுத்துவிட என் வாய் துறுதுறுக்கும். பெனிட்டா என் கையைப் பிடித்து நிறுத்துவாள். இருபது வருடம் மொழி சொல்லிக்கொடுத்தும் எனக்கு வராத பொறுமை அது. உயர்நிலை என்னத்துக்கு என்று அண்ணாச்சி மறுபடி கேட்டால், இந்தப் பெண்ணைக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. ஜெசிந்தா எங்களுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அருளப்பன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எதுவும் தொடங்கியிருக்கவில்லை.

“ஜெ…” என்றார்.

பெனிட்டா என் விரல்களை இறுக்கினாள்.

“…சின்…”

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது.

“…தா.”

முழுதாக வந்துவிட்டது. பெனிட்டாவின் கண் நிறைந்தது. அடுத்த நொடியே முகம் வாடியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜெசிந்தாவின் காதில் இது எப்போதும் போல ஒழுங்காக ஒட்டப்பட்டுத்தான் விழுந்திருக்கும். அவருக்கு இது நேற்றும் கேட்ட பெயர்.

“என்னங்க?” என்று வழக்கம் போலக் கேட்டபடி ஜெசிந்தா நிமிர்ந்தார். கை அப்படியே நின்றது.

“இன்னொருக்கா சொல்லுங்க.”

அவர் மறுபடி முயன்றார். வெகு நேரம் ஆயிற்று. ஜெசிந்தா அவர் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஏட்டி பெனிட்டா,” என்றார் மெதுவாக, “அப்பாக்கு இன்னைக்கு உதடு ஒட்டலையே.”

“என்னம்மா?”

“என் பேரைச் சொல்லும்போதெல்லாம் ரெண்டு தடவ உதடு ஒட்டும். என் பேர்ல ஒட்டுறதுக்கு என்ன இருக்கு? கண்ணாடி முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவே இல்ல. வாய் கோணினதாலன்னு நெனச்சுக்கிட்டேன். யார்ட்டயும் கேட்கல. கேட்டா என்ன சொல்லிடுவாங்களோன்னு பயம்.” என் பக்கம் திரும்பினார். “மிஸ், உங்களுக்கு நெசமாக் கேட்கும்ல? இத்தன நாளா என்னை என்னன்னு கூப்பிட்டார்?”

நான் பெனிட்டாவைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

“மேடம்னு கூப்பிட்டார்மா.”

“மேடமா!” ஜெசிந்தா வெங்காயக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. “பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குக்கூட இவ்வளவு மரியாதை கொடுக்கலையே மனுஷன்.”

அருளப்பனும் சிரிக்கப் பார்த்தார். மனைவிக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல கையை நீட்டினார். ஜெசிந்தா எழுந்துபோய் நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் மூன்றாவது முறை முயன்றார். களைத்திருந்தார். நெற்றி வியர்த்தது. நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் உதடுகள் இரண்டும் ஒட்டிப் பிரிந்து, மறுபடி ஒட்டின.

“மேடம்” என்றார். தப்பு என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“பரவாயில்லங்க. அதுவும் நான்தான்.”