எண்பத்தெட்டில் நின்ற சார்ஜ்

காலை பத்து மணிக்கு வள்ளம் பழைய பாருக்கு வந்து நங்கூரம் போட்டது. பார் என்றால் கடலடியில் சங்கு கிடக்கும் பாறைத் தட்டு. கூட்டாளி சுந்தர்சிங் இங்கே மூழ்கப் போய்ச் செத்த பிறகு மூன்று மாதமாகப் பெனிஸ்டன் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மற்ற இடங்களில் சங்கு அற்றுப்போனதால் மனைவியின் தம்பி கிருபாகரன்தான் பிடிவாதமாக இழுத்து வந்தான்.

மூழ்கிச் சங்கு குளிப்பவன் கிருபாகரன். வாயில் காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. மேலே கம்ப்ரசர் டபடபவென்று ஓடும். கயிறு பெனிஸ்டன் கையில். அடியில் இருப்பவனுக்குப் பொழுது போவது தெரியாது. அளவு மீறி இருந்துவிட்டு வந்தால் கை கால் விழுந்து ஆளே போய்விடுவான். கணக்காக இழுப்பது மேலே இருப்பவன் பொறுப்பு.

மணி பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கதி. ஆள் அடியில் இருக்கையில் அந்த வள்ளத்தில் யாரும் நேரம் பார்க்க மாட்டார்கள், அந்தச் சொல்லை வாயால் எடுக்கவும் மாட்டார்கள். நேரம் பார்த்தால் அவனுக்கு நேரம் வந்துவிடுமாம். அதனால் செல்போனில் மணி தெரியும் மூலையில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, மறு மூலையில் பேட்டரி சதவீதத்தைப் பார்ப்பான் பெனிஸ்டன். பாட்டு வீடியோ ஓடவிட்டால் இருபது நிமிஷத்தில் நாலு சதவீதம் இறங்கும். இறங்கியதும் கயிற்றை இழுக்க வேண்டியது. என்ன மூளை பாருங்கள்!

அந்த மூளைதான் சுந்தர்சிங்கைக் கொன்றது. பழைய போன் அன்றைக்கு அறுபத்திரண்டிலேயே நின்றது. பெனிஸ்டன் பாட்டில் லயித்துக் கிடந்தான். கரை சேருமுன் சுந்தர்சிங்கின் உயிர் போய்விட்டது. பெனிஸ்டன் அந்தப் போனைக் கடலில் வீசிவிட்டுப் புதிது வாங்கினான். பழக்கத்தை வீசவில்லை.

"பயப்படாதீய அத்தான். புது பேட்டரி பொய் சொல்லாது," என்று சிரித்துவிட்டுக் கிருபாகரன் குதித்தான்.

எண்பத்தெட்டு.

பாட்டு ஓடியது. கடல்மேல் அலையே இல்லை. டீசல் புகையோடு, பலகை இடுக்கில் ஊறிக் கிடந்த பழைய சங்குச் சதையின் வீச்சமும் மூக்கில் ஏறியது.

எண்பத்தெட்டு.

"புதுசுல்லா, மெதுவாத்தான் எறங்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். இதுவரை எத்தனை பாட்டு ஓடியது? எண்ணவில்லை.

எண்பத்தொன்பது.

சார்ஜ் போடாத போனில் சதவீதம் ஏறுமா?

டேப்பைப் பிய்த்தான். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இருபது நிமிஷத்தில் மேலே வரவேண்டியவன்!

"கிருபா! ஏலே கிருபா!"

கயிற்றை இழுத்தான். ஓர் ஆள் கனம் கனத்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

வள்ளத்தின் மறுபக்க விளிம்பைப் பிடித்துக் கிருபாகரன் தொங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு இல்லை.

பெனிஸ்டன் கயிற்றைக் குறுக்குக் கட்டையில் சுற்றிவிட்டு அவனைத் தூக்கி உள்ளே போட்டான். உயிரோடு இருக்கிறான் என்றதும் அழுகை முட்டியது.

"அப்பவே வந்துட்டேன். நீரோட்டம் தூரமா இழுத்துட்டுப் போயிட்டு. எம்புட்டு கத்துனேன், நீங்க போனையே பாத்துட்டு இருக்கீய," கிருபாகரனுக்குப் பல் தந்தியடித்தது. "கீழ யாரோ என் கயித்த அவுத்தாங்க அத்தான். கொழாயப் பிடுங்கிட்டு மேல தள்ளுனாங்க."

கட்டையில் கயிறு விறைப்பாகவே நின்றது.

ஒரு தடவை சுண்டியது.

"வெட்டி விடுங்க," கிருபாகரன் கிசுகிசுத்தான். "அத்தான், வெட்டுங்க."

கத்தி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்றைக்கு இழுக்காமல் விட்டவன் இன்றைக்கு எந்த முகத்தோடு வெட்டுவான்?

இழுத்தான்.

கடைசிவரை கனம் குறையவில்லை. நுனி மேலே வந்தபோது ஓர் ஆளின் இடுப்பளவுக்கு முடிச்சு இறுகியிருந்தது. உள்ளே யாருமில்லை.

வள்ளம் அந்தப் பக்கம் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது.

திரும்பும் வழியெல்லாம் மோட்டார் திணறியது. ஒரு சங்குகூட ஏற்றாத வள்ளம், முன்பக்கம் தண்ணீரில் தாழ்ந்தே வந்தது. இடுப்பளவுத் தண்ணீர் வந்ததும் கிருபாகரன் குதித்து, திரும்பிப் பார்க்காமல் கரைக்கு ஓடினான்.

பெனிஸ்டன் முன்பலகையைப் பார்த்துத் தழுதழுத்தான்.

"சுந்தரு, கரை வந்துட்டுலே. எறங்கு."

வள்ளம் எழும்பவில்லை.