ஆயிரத்து நூறு டிகிரி மஞ்சள்

2006 ஆவணியில் பக்கத்து வீட்டுத் தேவநாதன் அந்தப் பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினான். இரண்டு கை மாறிய வண்டி. அவன் மனைவி சொர்ணாம்பாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை சிதம்பரத்தில் டயாலிசிஸ். பஸ்ஸில் அவள் தாங்கமாட்டாள் என்றுதான் வாங்கினான்.

ஒரே ஒரு கோளாறு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு எரிந்தது.

மெக்கானிக் காத்தவராயன் பிளக், சென்சார், வயர் எல்லாம் மாற்றிவிட்டான். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும். சேத்தியாத்தோப்புப் பாலம் வந்ததும் மறுபடி எரியும்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்டலைங்க. எதுக்கு எரியுதுன்னே தெரியல.”

“ஒனக்கு என்னதான் தெரியும்? ஹாரன் அடிக்கவாச்சும் தெரியுமா?” என்றேன்.

நான் பீங்கான் கம்பெனியில் முப்பத்துநாலு வருடம் சூளை வாயில் நின்றவன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வேன். நான் சொன்னால் மீட்டர் வெட்கப்பட்டு முள்ளைத் திருத்திக்கொள்ளும். குனிந்து விளக்கைப் பார்த்தேன்.

மங்கிய சிவப்பு. எழுநூறு டிகிரி.

அடுத்த வாரம் ஆரஞ்சு. தொள்ளாயிரம்.

அதற்கடுத்த வாரம் மஞ்சள். ஆயிரத்து நூறு.

பல்பு இப்படி நிறம் மாறாது. சூளைதான் மாறும்.

டயாலிசிஸ் முடிந்தால் சொர்ணாம்பாளுக்குக் குளிரில் பல் அடிக்கும். “பின்சீட்டு மட்டும் கணகணன்னு இருக்குதுண்ணே,” என்றாள் என்னிடம். “பக்கத்துல யாரோ நெருங்கி உக்காந்தாப்ல.”

“என்னைய வுட்டா யாரு உக்காருவா?” என்றான் தேவநாதன்.

“நீங்கதான் முன்னாடி வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களே.”

காத்தவராயன் மறுபடி பேட்டரி வயரில் கை வைத்தான். நான் தடுத்தேன். பாதி வேக்காட்டில் சூளையை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துப்போகும். எங்கள் ஊரில் சூளைக்காரன் எவனும் அதைச் செய்யமாட்டான்.

“வுட்றா. முழுசா வெந்து தானா ஆறட்டும். அப்புறம் எரியாது.”

பெருமையாகத்தான் சொன்னேன். உள்ளே உட்கார்ந்திருப்பவள் யார் என்று நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. தேவநாதன் ஓட்ட, நான் பக்கத்தில். பாலத்தில் ஏறியதும் விளக்கு வெளுத்தது.

வெள்ளை. ஆயிரத்து முந்நூறு.

காருக்குள் மண் வேகிற வாசனை.

பின்னால் பேச்சு நின்றது.

விளக்கு அணைந்தது.

சொர்ணாம்பாள் கண் திறந்தபடி சாய்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மெருகு ஏறிப் பளபளத்தது. தேவநாதன் அவளைத் தூக்கும்போது அவன் மோதிரம் அவள் கன்னத்தில் பட்டது. பீங்கான் கோப்பையைத் தட்டிய சத்தம் கேட்டது. நான் எதையும் நாலு மடங்காக்கிச் சொல்கிறவன்தான். இதைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

காரியம் முடிந்ததும் காத்தவராயன் பேட்டரியையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் மாலை போனால், தேவநாதன் பின்சீட்டில் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தான்.

“எறங்குப்பா. வூட்டுக்குள்ள போவலாம்.”

“மெதுவாப் பேசுங்கண்ணே,” என்று கிசுகிசுத்தான். “இப்பதான் கண் அசந்தா.”

கதவை இழுத்தேன். கைப்பிடி உள்ளங்கையைப் பொசுக்கியது.

கண்ணாடி வழியே முன்பக்கம் பார்த்தேன். மங்கிய சிவப்பு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சானது.