ஒரே வீட்டு ஆட்கள்

மூன்றாவது திருகாணியும் வழுக்கியது. வியர்த்த உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை மறுபடி அழுத்தினாள். சமையலறை ஜன்னலும் பின்கதவும் அடைத்தாயிற்று. வாசல் கதவுக்கு இந்தப் புதுத் தாழ்ப்பாள் மட்டும்தான் பாக்கி. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

ஸ்பீக்கரில் அக்கா கத்தினாள். "ஒரு விளம்பரத்தைப் பார்த்துட்டா இந்த ஆட்டம்?"

"மூட்டுவலித் தைலம்க்கா. அவர் தடவுவாரே, அதே தைலம். நேத்து இடுப்பு பெல்ட். இன்னிக்குப் பதினொன்னாம் நம்பர் செருப்பு. நான் எதையும் தேடலை."

"விட்டுட்டு வந்த புருஷனுக்கு இன்னும் என்னடி 'அவர்'? ஊரான் என்ன வாங்குவான்னு மோப்பம் பிடிச்சு விளம்பரம் அனுப்புறதுதானே உன் பொழப்பு? தன் வினை தன்னைச் சுடுது."

"விளையாடாதே. ஒரே வைஃபைல இருக்கிற ஃபோனையெல்லாம் எங்க சிஸ்டம் ஒரே கட்டா கட்டிடும். ஒருத்தர் தேடினது அடுத்தவருக்கு விளம்பரமா வரும்."

"உன் வைஃபைக்குள்ள அவன் எப்படி வந்தான்?"

மூலையில் மினுங்கிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "நான் காசு போட்டு வாங்கின பெட்டியாச்சேன்னு, அந்த வீட்டு வைஃபை பெட்டியையே கழட்டிட்டு வந்துட்டேன்க்கா. பாஸ்வேர்டும் அதேதான். அவன் ஃபோன் பக்கத்துல வந்தா தானா ஒட்டிக்கும்."

அக்காவின் கிண்டல் அடங்கியது. தங்கையின் கழுத்தில் அவன் விரல்கள் பதித்த தடம் மறையவே ஒரு மாதம் ஆனது அக்காவுக்குத் தெரியும். இந்த வீட்டு முகவரி தெரிந்த ஒரே ஆளும் அக்காதான்.

"தெருவுலதான் எங்கியோ நிக்கிறான். எல்லாத்தையும் பூட்டிட்டு உள்ளேயே இரு. நானும் அத்தானும் கிளம்பிட்டோம்."

கடைசித் திருகாணி இறங்கியது. தாழ்ப்பாளைத் தள்ளினாள். புது இரும்பு முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் குத்தி உள்ளே ஏற்றினாள். அப்பாடா.

கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம், ஃபிரிட்ஜ் முனகி அடங்கும் சத்தம், அடைத்த வீட்டுக்குள் மெல்லக் கனத்துப் புளிக்கத் தொடங்கிய காற்று. அந்தக் காற்றில், மூக்கின் நுனியைத் தொட்டும் தொடாமலும், தைல நெடி. நாலைந்து நாளாகவே இருக்கிறது. விளம்பரம் கிளப்பிவிட்ட பிரமை என்று தள்ளிவிட்டிருந்தாள். பால் குறைந்ததைக்கூடத் தன் மறதி என்றுதான் நினைத்தாள்.

ஃபோன் அதிர்ந்தது. ஆபீஸ் பெண், எல்லோரும் 'குருவி' என்று கூப்பிடுபவள். அவன் ஃபோன் இன்னும் இந்தப் பக்கம்தான் சுற்றுகிறதா என்று பார்க்கும்படி அவளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"பார்த்துட்டேன் மேடம். இன்னொரு ஃபோன் உங்ககூடச் சேர்ந்துதான் இருக்கு." குருவி சிரித்தாள். "சொல்லவே இல்லையே! சமாதானம் ஆயிட்டீங்களா? ட்ரீட் எப்போ?"

"என்ன உளர்றே?"

"உங்களைத் 'தம்பதி'ன்னு போட்டிருக்கே."

"தெருவுல நின்னாலே ஒட்டும்டி."

"தெருவுல நின்னா 'வழிப்போக்கன்'னுதானே போடும்? வந்துட்டுப் போனா 'விருந்தாளி'. தம்பதின்னு வரணும்னா… நீங்க எழுதின விதிதானே மேடம்?"

அவள் எழுதியதுதான். ஆபீஸே கைதட்டிய விதி. மூன்று வாரம், ஒரு ராத்திரி விடாமல், ஒரே கூரைக்குக் கீழே தூங்கினால்தான் தம்பதி.

மூன்று வாரம்.

தூங்கினால்.

ஃபோன் கையிலிருந்து நழுவியது. இணைப்பு அறுந்தது. விழுந்த திரையில் தானாக ஒரு விளம்பரம் விரிந்து, தைலத்தின் பாட்டு குதூகலமாக ஆரம்பித்தது.

அரை நொடி தாமதமாக அதே பாட்டு தலைக்கு மேலிருந்தும் கேட்டது. பரணிலிருந்து.

சட்டென்று நின்றது. யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல.

திரும்பினாள். தாழ்ப்பாள். இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும். நகம் பெயர்ந்தது. அசையவில்லை.

பின்னால் பலகை நகர்ந்தது.

பரணின் இருட்டிலிருந்து இரண்டு வெறுங்கால்கள், அவசரமே இல்லாமல், கீழே தொங்கின. முழங்கால்களில் தைலம் ஈரமாக மினுங்கியது.