இரவல் தோல்

என் தம்பி கெதினைப் புதைத்து இரண்டு மாதம் கழித்து, செம்மறிகள் குட்டி ஈனும் பருவத்துக்கு ஒத்தாசையாக அவன் பண்ணைக்குப் போனேன். அவன் மனைவி நெஸ்டா கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா எம்லின். ரெண்டு ஆடு வலியெடுத்து நிக்குது."

அவ்வளவுதான். அவள் இன்னும் அழவில்லை. நானும்தான்.

பண்ணையின் நடுவே ஆஃபா ராஜாவின் மண்கரை போகிறது. ஆயிரத்து இருநூறு வருடத்து எல்லை. வேல்ஸ்காரர்களான எங்களைத் தடுக்கக் கட்டியது என்று அந்தப் பக்கத்து இங்கிலாந்துக்காரர்கள் பெருமையடிப்பார்கள். எங்கள் ஆடுகள் என்னவோ அங்கேதான் மேய்கின்றன. ஜனவரியில் கெதினின் டிராக்டர் அந்தக் கரைமேல் ஏறிக் கவிழ்ந்தது. கரை பிளந்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை.

அன்று பிற்பகல் மழை. பட்டியில் ஓர் ஆடு செத்த குட்டியை ஈன்றது. நான் அதன் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டிக்கு ஸ்வெட்டர் போல மாட்டினேன். தன் குட்டியின் வாசனை இருந்தால்தான் ஆடு பால் விடும். அது முகர்ந்து பார்த்தது. பிறகு நின்று கொடுத்தது.

"நல்லா ஏமாந்துட்டா," என்றேன்.

நெஸ்டா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையின் பிளவிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான்.

கெதினின் நடை. கெதினின் முகம்.

நாய் டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்தது. முதலில் ஈர மண் வாசனை வந்தது. அதன் பின்னால் டீசல், கம்பளி, கெதினின் புகையிலை. வந்தவன் பட்டிக் கதவுக்கு வெளியே நின்றான். கழுத்தருகே தோல் அவனுக்குப் பெரிதாக இருந்தது, மடிந்து தொங்கியது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 

"அது அவன் இல்ல," என்று முணுமுணுத்தேன். "திறக்காத நெஸ்டா. உள்ள விட்டா அப்புறம் போகாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் ஆட்டைப் பார்த்தாள். "அவளுக்கும் தெரியும், எம்லின். மடியில பால் கட்டிக்கிட்டா வலி தாங்காது. யாரு குடிச்சா என்ன?"

கதவைத் திறந்தாள்.

அது என்னைக் கடந்து போகும்போது, கெதின் வைப்பதுபோலவே தோளில் கை வைத்தது. தட்டிவிட நினைத்தேன். தட்டிவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை குட்டிமேலிருந்த தோலைக் கழற்றினேன். அதற்குள் தாய்க்குப் பழகிவிடும். அப்புறம் வேஷம் தேவையில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். துணி உலர்த்தும் கம்பியில் நீளமாக, வெளிறிப்போய் ஏதோ தொங்கியது. அதிலிருந்து மழைநீர் சொட்டியது. நான் அதை உற்றுப் பார்க்கவில்லை.

அடுப்படியில் நெஸ்டா யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். பதில் சொன்ன குரல் என் தம்பியுடையது இல்லை. எங்கள் மொழிதான்; ஆனால் நான் கேட்டேயிராத பழைய சொற்கள்.

"எம்லின், டீ ஆறுது."

உள்ளே போனேன். எனக்கும் வலி தாங்கவில்லை.